ராசமலரின் சம்மதம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த ஹொல்ம்லியாவில் நாய் வளர்ப்பது சிரமமில்லை. வாசலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் காடு வந்துவிடும். எங்கள் நாயின் பெயர் பாம்சே. என் மனைவி ராசமலர்தான் அதைக் காட்டுக்குக் கூட்டிப்போவாள்.

நான் மாலை வகுப்புகளில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பண்டைய கிரேக்க வரலாறு படிப்பித்தேன். கிரேக்கர்கள் பலி மாட்டின் தலையில் முதலில் தண்ணீர் தெளிப்பார்கள். மாடு தலையை அசைக்கும். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். கத்தி, தானியக் கூடைக்குள் மறைந்திருக்கும். இதைச் சொன்னால் சில மாணவர்கள் ஏமாற்று என்பார்கள். நான் அதை மரியாதை என்பேன். கேளாமல் கொல்வதைவிடக் கேட்டுக் கொல்வது நல்லது.

பாம்சேக்கு வயதாகிப் பின்னங்கால்கள் சோர்ந்தன. மிருக வைத்தியர் மாத்திரை தந்து, இன்னும் ஓரிரு வருடம் இருக்கும் என்றார். ராசமலர் அதைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். அவளுக்கே அப்போது உடம்பு சரியில்லை. ஒருநாள் பாம்சேயின் தலையில் தண்ணீர் தெளித்தேன். அசைத்தது. வேறொரு வைத்தியரிடம் கொண்டுபோய், உயிர் போக ஊசி போடச் சொன்னேன். ராசமலர் வெகுநாள் என்னுடன் கதைக்கவில்லை.

பிறகு அவளால் கதைக்கவே முடியாமல் போனது. படுக்கையில் விழுந்தாள். ஊட்டினேன், கழுவினேன், புரட்டிப் படுக்கவைத்தேன். மகள் கஜேந்தினி பக்கத்து ஹவுகெட்டோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் எடுத்தாள்.

"அப்பா, திங்கட்கிழமை லீவு போட்டிட்டு வாறன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவம். நீங்களும் கொஞ்சம் ஆறலாம்."

"ஓம் பிள்ளை" என்றேன்.

அந்நியர் கையில் அவளை விட எனக்கு மனமில்லை.

ஞாயிறு காலை அவளுக்குத் தலை வாரிவிட்டேன். கிண்ணத்துத் தண்ணீரை நெற்றியில் தெளித்து, "மலர், இனிப் போதும்தானே?" என்று கேட்டேன். தலையை அசைத்தாள். தலையணையை முகத்தில் வைத்து அழுத்தினேன். அவள் கை என் சட்டையைப் பற்றியது. அன்பாகத்தான் பற்றுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நானே பொலிசுக்கு அழைத்தேன்.

பெண் அதிகாரி கேட்டதை, மொழிபெயர்க்க வந்த மேரியம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஐயா, அவவின்ரை தலை மற்ற நேரத்திலையும் ஆடுமோ எண்டு கேக்கிறா."

"ஓம். நடுக்கவாதம்தானே. நித்திரை கொள்ளேக்கை தவிர, எந்நேரமும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்" என்றேன். "ஆனால் அண்டைக்குத்தான் நான் கேட்டனான்."