பல்லில் தொலைந்த புள்ளி

கைதட்டல அப்புறம் வச்சுக்கலாம்... முதல்ல ஒரு பொடிக்கதை கேளுங்க. இன்னிக்கு நாம வெளியிடுறோமே, "பணியாரம்"னு ஒரு எழுத்துரு, அது பொறந்த கதை!

நம்ம தென்காசியில ஒரு பல் டாக்டர். பேரு குழல்வாய்மொழி. பாருங்க, பேருலயே வாய் இருக்கு! புதுசா ஆஸ்பத்திரி திறக்குறாங்க. பல் டாக்டர்னாலே ஜனங்களுக்கு நடுக்கம். அதனால எழுத்து வரையிற நம்ம பீர் முகம்மதைக் கூப்பிட்டாங்க. "தம்பி, போர்டுல கூர்முனையே இருக்கக் கூடாது. ஊசி ஞாபகம் வந்துரும். குண்டா, கொழுகொழுன்னு வேணும்." வரைஞ்சாரு பாருங்க... குழியில உப்பின பணியாரமேதான்! போர்டும் ஏறிச்சு: பல் மருத்துவம்.

கூட்டம் வந்துச்சா? வந்துச்சுய்யா! ஒரு அம்மா முட்டிவலின்னு வந்தாங்க. ஒருத்தர் மூலம்னு வந்தாரு... சிரிக்காதீங்க, அவருக்கு வலி! இன்னொருத்தர் ஆட்டையே இழுத்துட்டு வந்துட்டாரு. "தாயீ, இது அசை போட மாட்டேங்கு." டாக்டரும் பார்த்தாங்க... ஆட்டுக்குப் பல்லு பிரமாதம்!

பல்லுவலின்னு மட்டும் ஒரு ஆள் வரல. டாக்டருக்கு அழுகையே வந்துருச்சு. பூட்டிட்டு மதுரைக்கே வேலைக்குப் போயிரலாமான்னு வாசல்ல நிக்கிறாங்க. அப்போ கன்னம் வீங்கின ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுறாரு.

"அண்ணாச்சி! எங்க போறீங்க?"

"திருநவேலிக்கு... பல்லு புடுங்க."

"ஐயோ, நான் பல் டாக்டர்தானே!"

"நீங்களா? போர்டுல 'பல மருத்துவம்'னுல்லா போட்டிருக்கு! பல நோயும் பாக்குறவங்க பல்லு எங்க பாப்பாங்கன்னு நெனச்சேன்."

நிமிர்ந்து பார்த்தாங்க... புள்ளி எங்க? எழுத்து குண்டான குண்டுல புள்ளிய விழுங்கிருச்சு! மருத்துவத்துலயும் புள்ளி இல்ல, அத ஜனங்க ஊகிச்சுப் படிச்சுட்டாங்க. பல்லுதான் மாட்டிக்கிச்சு!

பீருக்குப் போன் போச்சு. "டாக்டரக்கா, புள்ளி எங்கயும் போகல. எழுத்துக்குள்ளதான் இருக்கு!"

"உள்ள இருந்து என்ன தம்பி பிரயோஜனம்? வெளிய தெரிய வேண்டாமா!"

பீர் என்ன பண்ணாரு? எழுத்த இளைக்க வைக்கல. தலைய மட்டும் கொஞ்சம் குனிய வச்சாரு. அந்த இடத்துல புள்ளி வந்து ஜம்முனு உட்கார்ந்துச்சு. மறுவாரம் வாசல்ல வரிசை... எல்லாரும் கன்னத்துல கை! டாக்டரம்மா, எந்திரிச்சு ஒரு சிரிப்புக் காட்டுங்க... ஆகா!

இப்போ அந்த எழுத்துதான் ஸ்கூல் வேன்லயும் ஐஸ்கிரீம் வண்டியிலயும் ஓடப்போகுது. ஓடட்டும். ஆனா எதுக்கு இந்தக் கதைய சொன்னேன்? நம்ம வீட்டுல, சங்கத்துல, ஏன்... இந்த மேடையிலயே, நாம ஊதிக்கிட்டே போறோம். பக்கத்துல பேசாம ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு, புள்ளி மாதிரி. "அவரும் இருக்காருல்ல"ன்னு சொல்லிக்கிறோம். இருக்காரு... தெரியுறாரா? தலையக் கொஞ்சம் குனிங்க சாமி, அவரும் தெரியட்டும்! புள்ளி வச்ச எழுத்துக்குத் தமிழ்ல என்ன பேரு? மெய்யெழுத்து! புள்ளி போச்சுன்னா...

சத்தமா சொல்லுங்க... மெய்யே போச்சு!