சங்கத்துப் புருஷன்

— அதெப்படி வக்கீலம்மா, ஒரே தீர்மானத்துல என்னை வெளியே அனுப்பிடுவீங்க? இத்தனை வருஷமா இந்தச் சங்கத்துக்கு நான்தானே புருஷன்?

— உங்களை அனுப்பலண்ணே. புருஷன்ங்கிற பதவியைத்தான் எடுக்கிறோம். கருவைக் கலைக்கப் புருஷன் கையெழுத்து வேணாம்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. இனிமே ஆஸ்பத்திரியில யாருக்குப் புருஷனா போய் நிப்பீங்க?

— அந்தக் கேஸை ஜெயிக்கச் சொல்லி உங்களை யார் கேட்டா?

— சங்கமே அதுக்குத்தானேண்ணே ஆரம்பிச்சது.

— இருக்கட்டுமே. நாம பாட்டுக்கு ஊர்வலம் போனோம், மனுக் கொடுத்தோம், கல்லடி பட்டோம், எப்பவும் போல தோத்துக்கிட்டிருந்தோம். நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு. இப்போ ஜெயிச்சதும் ஏறின ஏணியை எட்டி உதைக்கிறீங்க.

— ஃபேன் ரிப்பேர் வேலை உங்களுக்கு இருக்குல்லண்ணே?

— ஃபேனை மாட்டிட்டு வந்தா அதோட சரி. இங்க அப்படியா? புருஷன் ஓடிப்போன பொண்ணு, புருஷன் அடிக்கிற பொண்ணு, கல்யாணமே ஆகாத பொண்ணு, எல்லார் பக்கத்துலயும் புருஷனா நின்னு கையெழுத்துப் போட்டேன். காலையில பேங்க் ஆபீசர், மத்தியானம் லாரி டிரைவர். ஒரே நாள்ல ரெண்டு பேர் வந்தா, வெளியில போய் மூக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு மறுபடி உள்ள வருவேன். கவுன்ட்டர் பொண்ணு தலையைக்கூடத் தூக்காம, "இன்னைக்கு என்ன பேர் சார்"னு கேக்கும்.

— அந்தப் பொண்ணும் வருத்தப்பட்டுச்சுண்ணே. நீங்க வராம கவுன்ட்டர் வெறிச்சுன்னு இருக்காம்.

— பாத்தீங்களா. ஒரு பொண்ணு பின்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டு, மாப்பிள்ளைகிட்ட என்னை, "இவர்தான் என் பழைய வீட்டுக்காரர்"னு சொல்லுச்சு. அந்தப் பையன் என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நல்லா பாத்துக்கிட்டீங்களாமே சார்"ங்கிறான்.

— அதனாலதாண்ணே தீர்மானத்துல நன்றியும் சேத்திருக்கோம்.

— நன்றி கிடக்கட்டும். "சங்கத்தின் முதல் கணவர்"னு எழுதுங்க, பேசாம போயிடறேன். இல்லன்னா தலைவிகிட்டயே கேப்பேன். தோ, அவளே வந்துட்டா. ஏம்மா, இங்க நீ தலைவியா இருக்கலாம், வீட்டுல எனக்குப் பொண்டாட்டி. நீயே சொல்லு, இவங்க பண்றது நியாயமா?

— வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த "முதல்"ங்கிறதை மட்டும் போடாத கண்ணு.

— ஏன்க்கா? சங்கத்தோட வரலாறுன்னா அண்ணனைத்தானே முதல்ல சொல்லணும்?

— வரலாறுன்னா ஆரம்பத்துலேருந்து சொல்லணும். ஏங்க, நம்ம சின்னவ பால்குடி மறக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போச்சு, ஞாபகமிருக்கா?

— இருக்கு. அது தானா கலைஞ்சிடுச்சு. பாவம், நீ எழுந்து நடமாடவே ரொம்ப நாளாச்சு. அதை ஏன் இப்போ எடுக்கறே?

— இன்னொண்ணை என் இருதயம் தாங்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கையெழுத்துக்கு உங்ககிட்ட வந்து நின்னேன். அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்னீங்க. அப்புறம், ஆம்பளப் புள்ளையா இருந்தாலும் இருக்கும்னீங்க. அப்புறம் ஃபேன் மாட்டப் போயிட்டீங்க.

— அதுக்குள்ளதான் தானாவே...

— தானா எதுங்க கலையும்? ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். லிஃப்ட் ஓட்டறவர் வந்து, எந்த மாடிக்கும்மா போகணும்னு கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். லிஃப்டை நிறுத்திட்டு வந்து, உங்க பேர்ல கையெழுத்துப் போட்டுட்டு, மறுபடி லிஃப்டுக்குப் போயிட்டார்.

— இத்தனை வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா நேரா உங்கம்மாகிட்ட போயிருப்பீங்க, அப்புறம் மத்தவங்களுக்கும் அவங்களைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பீங்க. நீ எழுதிக்க கண்ணு. இந்தச் சங்கத்தோட முதல் புருஷன் அந்த லிஃப்ட்காரர். முதல் பொண்டாட்டி நான்.