பொம்பளைப் பக்கத்து டிஸ்க்

ஹஃப்சா: கையை எடுங்க மச்சான். அது என் ஹார்டு டிஸ்க்.

நிஜாம்: டிக் டிக்குன்னு சத்தம் போடுது புள்ள. ஒருதரம் கழட்டி மாட்டிப் பார்க்குறேன்…

ஹஃப்சா: நானே மாட்டிப் பார்த்துட்டேன். நீங்க அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க.

நிஜாம்: இந்தப் போட்டோக் கடை புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரோடதும்தான்.

ஹஃப்சா: கல்யாணத்துல நீங்க ஆம்பளைப் பக்கம் எடுக்குறீங்க, நான் பொம்பளைப் பக்கம். கோட்டைப்பட்டினம் பூரா என்னை நம்பித்தான் முக்காட்டை எடுத்துட்டு போட்டோவுக்கு உக்கார்றாங்க. ஆம்பளைக் கண்ணு படாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

நிஜாம்: அதுக்காக இத்தனை வருசக் கல்யாணத்தையும் ஒரே டிஸ்க்குலயா வைப்ப? என்னோடது பாரு, ரெண்டு காப்பி.

ஹஃப்சா: இன்னொண்ணு போட்டா எங்கன வைக்கிறது? கடையில வச்சா நீங்க, வீட்டுல வச்சா உங்க தம்பி. ஒண்ணுன்னா பூட்டி வச்சுக்கலாம்னு இருந்தேன்.

நிஜாம்: பீரோவுல, நகையோட. உப்புக்காத்து பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருமாக்கும்.

ஹஃப்சா: நக்கல் பண்ணாதீங்க.

நிஜாம்: சரி… புதுக்கோட்டையில ஒருத்தர் செத்த டிஸ்க்கைக்கூடப் பிரிச்சு எடுத்துக் குடுக்குறாராம். மத்தியான பஸ்ஸைப் புடிச்சா…

ஹஃப்சா: அவரு ஆம்பளை.

நிஜாம்: டாக்டர் மாதிரி நெனச்சுக்க.

ஹஃப்சா: படம் சரியா வந்திருக்கான்னு தெறந்து பார்ப்பாருல்ல? மாட்டேன்.

நிஜாம்: அப்ப விட்டுரு. அவங்கவங்க வீட்டுக்கு அப்பவே பென்டிரைவ்ல குடுத்தாச்சு.

ஹஃப்சா: விட முடியாது. மத்தது போனாப் போகுது. சம்சுன் நிஹார் மாமி வீட்டுக் கல்யாணம் எனக்கு வந்தாகணும்.

நிஜாம்: அது என்ன, அது மட்டும்?

ஹஃப்சா: மாமி… மாமி கேட்டாங்க.

நிஜாம்: காலையில மீன் வாங்குறப்ப பார்த்தேனே. ஒண்ணும் சொல்லலையே.

ஹஃப்சா: பொம்பளை விசயத்தை உங்ககிட்டயா சொல்லுவாங்க?

நிஜாம்: நேத்துத்தான் எங்க உம்மா எறந்த நாப்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிஞ்சுச்சு. வீட்டுல இன்னும் சட்டி கழுவி முடியல. நீ விடிஞ்சதும் விடியாததுமா கடைக்கு வந்து இதைச் சொருகிக்கிட்டு… அழுவுறியா?

ஹஃப்சா: இல்ல. மறுபடி சொருகப் போறேன். வர்ற வரைக்கும் சொருகுவேன்.

நிஜாம்: வேணாம், சொருகச் சொருக இன்னும் கெட்டுப் போகும்… ஹஃப்சா, ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது.

ஹஃப்சா: கத்துவேன். சொல்லுங்க.

நிஜாம்: போன மழைக்குக் கடைக்குள்ள தண்ணி ஏறுச்சுல்ல… நீ இந்த டிஸ்க்கைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நின்ன. அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு மனசு கேக்கல. பெறகு ஒருநாள் நீ ஊருக்குப் போயிருந்தப்ப…

ஹஃப்சா: போயிருந்தப்ப?

நிஜாம்: பீரோ சாவி இருக்குற எடம் எனக்கும் தெரியும் புள்ள. புது டிஸ்க் ஒண்ணு வாங்கி, மொத்தத்தையும் அப்படியே காப்பி போட்டேன். ஸ்கிரீன்ல கோடு நகர்றதை மட்டும்தான் பார்த்தேன். ஒரு படம்கூடத் தெறக்கல. அல்லா மேல ஆணை.

ஹஃப்சா: என் டிஸ்க்கைத் தொட்டிருக்கீங்க.

நிஜாம்: தொட்டேன்.

ஹஃப்சா: இப்ப அந்தக் காப்பி எங்க?

நிஜாம்: ஆலங்குடியில, உன் அக்கா மர்யம் வீட்டு அலமாரியில. கடல்கிட்ட வைக்க வேணாம்னு… துணியில சுத்தி, யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தேன். திட்டுறதுன்னா திட்டு. தெறந்து பார்த்திருப்பேன்னுதானே நெனைக்கிற?

ஹஃப்சா: இல்ல, நம்புறேன். தெறந்திருந்தா, உம்மாவுக்குன்னு ஒரு போட்டோகூட இல்லையேன்னு நேத்து அப்படி அழுதிருக்க மாட்டீங்க. அந்த மழைக்கு முந்தி நடந்த மாமி வீட்டுக் கல்யாணத்துல உங்க உம்மா சிரிச்சப்ப எடுத்துட்டேன். மாமிக்குக் குடுத்ததுல சேர்க்காம தனியா ஒதுக்கி வச்சேன். உம்மாதான், "எடுத்தது எடுத்துட்ட, நான் மௌத்தாகி நாப்பது கழிஞ்சதும் அவன்கிட்டக் காட்டு, இப்பவே காட்டுனா கடையில மாட்டிப்புடுவான்"னாங்க. அதுக்குத்தான் இன்னைக்குச் சொருகுனேன்… வண்டியை எடுங்க, ஆலங்குடிக்குப் போவோம்.