பலாமரத்துக்கு ஜாமீன்

திண்டிவனத்தில் கிளம்பிய விழுப்புரம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவர், மனைவி, நடுவில் ஒரு பலாப்பழம். அவர்கள் பேச்சு முழுக்க இருந்த மனைவியின் தம்பி மட்டும் பேருந்தில் இல்லை.

"காய்க்காத மரத்துக்கிட்ட கோடாலியத் தூக்கிக்கினு போய், வெட்டிடுவேன்னு மெரட்டினது நானு. பழம் உன் தம்பிக்கா?"

"'வெட்டாதீங்க மாமா, அடுத்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன்'னு மரத்தக் கட்டிப் புடிச்சிக்கினது அவன்தானங்க?"

"அது வழக்கம்டி! ஒருத்தர் மெரட்டணும், ஒருத்தர் கெஞ்சணும். நீ கெஞ்ச வேண்டியது. அன்னிக்குன்னு பார்த்து மயிலம் கோயிலுக்குப் போய்ட்ட."

"அவன் நெசமாத்தான் ஜாமீன் நின்னான். சொன்ன வார்த்த பொய்யாவக் கூடாதுன்னு விழுப்புரத்திலேர்ந்து பஸ்லயே எரு மூட்டையத் தூக்கிக்கினு வந்தானே!"

"காய்ச்சதே ஒண்ணுதான். அதையும் முழுசா குடுத்துட்டு நான் இன்னா, முள்ளுத்தோல நக்கறதா?"

"குடுக்கலன்னா அடுத்த வருஷம் மரத்துக்கு யாரு பரிஞ்சி பேசுவா?"

நடத்துநர் வந்தார். "இத்தாம் பெரிய பழத்துக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்."

"ஜாமீன்தாரர் விழுப்புரத்துல நிக்கிறாரு, அவருகிட்ட கேளுங்க" என்றபடியே கணவர் பணத்தை நீட்டினார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் தம்பியிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்த மனைவி, கணவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவனுக்கு சக்கரையாம். சுளைய நம்மளயே எடுத்துக்கினு போவச் சொல்றான். குழம்பு வைக்கக் கொட்டை மட்டும் போதுமாம்."

கணவர் கையிலிருந்த டிக்கெட்டுகளை விரித்துப் பார்த்தார்.

"கொட்டைக் குழம்புக்கா நூத்தஞ்சு ரூபா?"