சான்று எண் நாற்பத்தொன்று

தாளில் கோடு போட்டுக் கொடுத்திருக்கலாம். கோடில்லாத தாளில் என் எழுத்து வரிக்கு வரி மேலே ஏறும். மற்றபடி மேசையும் வெளிச்சமும் நன்றாகவே இருக்கின்றன. அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள் என்று சொன்னதற்கு நன்றி, அதிகாரி அவர்களே.

நான் எதை எழுத உட்கார்ந்தாலும் தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். இடப்பக்கம் பலங்கள், வலப்பக்கம் மேம்படுத்த வேண்டியவை. தொழில் அப்படி. எங்களுடையது பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிற சர்வதேசப் பள்ளி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரும். மூன்று நாள் அறை அறையாகப் பார்த்துவிட்டு, அங்கீகாரம் தொடரலாமா வேண்டாமா என்று சொல்லும். அதற்கு முன்பே பள்ளி தன்னைத் தானே மதிப்பிட்டு ஓர் அறிக்கை தர வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று, ஒவ்வொரு சான்றுக்கும் ஓர் எண். அந்த அறிக்கையை எழுதுகிறவள் நான். மூன்று முறை எழுதியிருக்கிறேன், மூன்று முறையும் அங்கீகாரம் கிடைத்தது. பூங்கொத்தை முதல்வர் வாங்கிக்கொண்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அவர் முதல்வர்.

என் தங்கையை ஆறு வருடத்துக்கு முன்னால் நான்தான் சிபாரிசு செய்து இங்கே சேர்த்துவிட்டேன். முதல் வகுப்பு ஆசிரியை. சேர்ந்த ஒரே மாதத்தில் பிள்ளைகள் அவளுக்குச் சிட்டு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கும் ஒரு பெயர் உண்டு, ஃபைல் மேடம். சிட்டு டீச்சர் தாழ்வாரத்தில் நடந்தால் பின்னால் பத்துப் பிள்ளைகள் ஓடும். நான் நடந்தால் வரிசை நேராகும். இரண்டுமே பள்ளிக்குத் தேவைதான்.

பொறாமையா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை என்றேன். யோசித்துப் பார்த்தால் ஆமாம் என்றும் சொல்லலாம். சின்ன வயதில் நான் பாடம் ஒப்பிக்கும்போது அப்பா செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். அவள் பாதியில் மறந்து விழிக்கும்போது தாளை மடித்து வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார். மறந்து விழிக்க எனக்கு வராது. அது என்னுடைய மேம்படுத்த வேண்டியவற்றில் முதல் வரி.

இந்த முறை அறிக்கைக்காகப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு தாள் கொடுத்தோம். ஒரே கேள்வி: பள்ளியில் உனக்கு ரொம்பப் பிடித்தது எது? நீச்சல் குளம், நூலகம், தோட்டம் என்று வரும், அவற்றைப் பலங்களில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். முந்நூற்றெண்பது தாளில் நூற்று நாற்பத்தாறில் அவள் பெயர் இருந்தது. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை எண்ணினேன். அவள் பாடமே எடுக்காத பெரிய வகுப்புப் பிள்ளைகள்கூட எழுதியிருந்தார்கள். அவள் பெயர் இருந்த தாள்களைத் தனியாகப் பிரித்தேன். மீதியை அன்று நான் படிக்கவில்லை.

அடுத்த வாரம் முதல்வர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"துணை முதல்வர் போஸ்ட்டுக்கு உங்க தங்கச்சியப் போடலாம்னு இருக்கேன். குழு வந்துட்டுப் போனதும் அறிவிச்சிடலாம். ஃபைல் வேலையெல்லாம் நீங்க கூட இருந்து பாத்துக்குவீங்கல்ல?"

"தாராளமா சார்," என்றேன்.

அன்று சாயங்காலமே அவள் என் அறைக்கு வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தாள். "அக்கா, எனக்கு எதுக்கு அந்த போஸ்ட்டு? உனக்குத்தான் குடுக்கணும்னு சார்கிட்ட சொல்லிட்டேன். நீ இல்லன்னா இந்த ஸ்கூலே ஓடாது."

என் வயிறு எரிந்தது அப்போதுதான். பதவியை அவள் எடுத்துக்கொண்டிருந்தால் பொறுத்திருப்பேன். விட்டுக்கொடுத்த பெயரையும் அவளே வாங்கிக்கொண்டாள். முதல்வர் பிறகு என்னிடம், "என்ன மனசு பாருங்க அந்தப் பொண்ணுக்கு," என்றார்.

இனி சிவப்புப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வகுப்பில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் ஏன் பாப்பா என்று கூப்பிடுவோம். தேனீ கொட்டினால் அந்தக் குழந்தைக்கு மூச்சுக் குழாய் வீங்கிவிடும். உடனே தொடையில் போட ஓர் அவசர ஊசி உண்டு. அது ஒரு சிவப்புப் பையில் வகுப்புக் கதவில் தொங்கும். வகுப்பு கட்டடத்தை விட்டு வெளியே எங்கே போனாலும் பையும் கூடப் போக வேண்டும். திங்கள்கிழமை காலை ஆசிரியை பையைத் திறந்து பார்த்துவிட்டு, கூடவே தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறையை எழுதிவைத்தவள் நான்.

ஏன் பாப்பா அடிக்கடி என் அறை வாசலில் வந்து நிற்கும். என் அறைக் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் ஓடும், அதுதான் அதற்கு விஷயம். "ஏன் மேடம் உங்க கடிகாரம் மட்டும் மெதுவா போகுது?" வேலை நேரத்தில் இது ஒரு தொல்லை. வயதாகிவிட்டது என்று ஒருமுறை சொன்னேன். "அப்ப அதுக்கு லீவு குடுங்க," என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

அறிக்கையின் முதல் வரைவை எல்லா ஆசிரியர்களுக்கும் அனுப்பியிருந்தேன். என் தங்கை மேம்படுத்த வேண்டியவற்றில் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்: அவசர ஊசி ஒன்றுதான் இருக்கிறது, நர்ஸ் அறையிலும் இன்னொன்று வைக்க வேண்டும். நல்ல யோசனை. குழு அதைப் படித்தால் யாருடைய யோசனை என்று கேட்கும். அந்த வரியை எடுத்துவிட்டேன். அறிக்கை ஏற்கெனவே நீளமாக இருந்தது.

குழு வந்தது ஒரு திங்கள்கிழமை. காலை எட்டு மணிக்கு என் தங்கை பையைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். எட்டரைக்குப் பிள்ளைகளோடு அவள் உள் அரங்கில் நடக்கும் காலைக் கூட்டத்துக்குப் போனபோது நான் போய் ஊசியை எடுத்து என் கைப்பையின் உள்ளறையில் வைத்தேன். பையை அதே ஆணியில் மாட்டினேன். பத்தரை மணிக்குக் குழு அந்த வகுப்புக்கு வரும், பையைத் திறந்து பார்க்கும். சரிபார்க்கும் பட்டியலில் அது பதினான்காவது வரி. பை காலியாக இருக்கும், அட்டையில் அன்றைய கையெழுத்து இருக்கும். பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவள் என்று ஒரே ஒரு வரி அவள் பெயருக்கு நேராக வரும். மதியம் ஊசியைத் திருப்பி வைத்துவிடலாம். இவ்வளவுதான் திட்டம். ஒரு வரி.

பத்து மணிக்குக் குழுத் தலைவர் அம்மா ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். வெயில் ஏறுவதற்கு முன் பிள்ளைகளைத் தோட்டத்திலேயே பார்க்கலாமே என்றார். தோட்டத்தைப் பலங்களில் மூன்றாவதாக நான்தான் எழுதியிருந்தேன். என் தங்கை சிவப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தாள். நானும் குழுவோடு போனேன்.

ஏன் பாப்பாவின் கழுத்தில் தேனீ கொட்டியது. என் தங்கை பதறவில்லை, அதைச் சொல்ல வேண்டும். புல்லில் படுக்க வைத்தாள், பையைத் திறந்தாள். கையை விட்டுத் துழாவினாள். பிறகு பையைக் கவிழ்த்து உதறினாள்.

"அக்கா, ஊசி இல்ல. காலையில இருந்துச்சு, நான் பாத்தேன். அக்கா, நர்ஸ் ரூமுக்கு ஓடு."

நர்ஸ் அறையில் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வரியை எடுத்தவளே நான்தான். ஆனாலும் ஓடினேன். கைப்பை என் தோளில்தான் இருந்தது. நர்ஸ் இழுப்பறைகளைத் திறந்து திறந்து பார்த்தபோது நானும் கூட நின்று பார்த்தேன். திரும்பி வந்தேன். குழுவிலிருந்து வந்த மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் என் பையைத் திறந்து எடுத்தால் எப்படி என்னிடம் வந்தது என்று கேட்பார்கள். கீழே கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். அது அப்போதே தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அப்போது என் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். பாதியில் மறந்து விழிக்கிற அந்தப் பழைய முகம். இந்த முறை அதை யாரும் அன்போடு பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்தது. ஆம்புலன்ஸ் வரப் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. குழந்தை வழியிலேயே இறந்துவிட்டது.

நீங்கள் வந்து அட்டையையும் கையெழுத்தையும் பார்த்தீர்கள். அவளை வேலையை விட்டு எடுத்தார்கள், வழக்குப் போட்டீர்கள். காலையில் ஊசியைப் பார்த்தேன் என்று அவளும் ஒரு வாரம் சொன்னாள். பிறகு தனக்கே சந்தேகம் வந்து, "நான்தான் சரியா பாக்கலை போல, அக்கா," என்று என் மடியில் தலை வைத்து அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

நாலு மாதம் பொறுத்தேன். போன வாரம் அவள் வீட்டுக்குப் போனால், குழந்தையின் அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "என் பொண்ணு மேல உசிரையே வெச்சிருந்தீங்க, உங்களைக் கோவிச்சுக்க எனக்கு மனசு வரல," என்கிறாள். என்னைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி தரீங்களா?" என்று கேட்டாள்.

அதனால்தான் வந்தேன். நான் செய்ததற்கெல்லாம் இன்னொருவர் பெயர் வாங்குவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இதை அவள் செய்யவில்லை. ஊசியை எடுத்தவள் நான், பத்தொன்பது நிமிடமும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவள் நான். மன்னிப்பானாலும் சாபமானாலும் அது எனக்கு வர வேண்டியது. ஊசியை இத்துடன் தருகிறேன். காலாவதியாக இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

ஒரே ஒரு விண்ணப்பம். நேற்று நீங்கள் கைப்பற்றிய கோப்பில் பலங்கள் பகுதியில் சான்று எண் நாற்பத்தொன்று என்று ஒரு தாள் இருக்கும். அன்று படிக்காமல் ஒதுக்கிய தாள்களை, குழந்தை இறந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். அதில் ஏன் பாப்பாவின் தாள் இருந்தது. பெரிய பெரிய எழுத்தில், 'கடிகார ரூம் மேடம். நான் ஏன்னு கேட்டா பதில் சொல்லுவாங்க' என்று எழுதி, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு முகம் வரைந்திருந்தது. அதற்கு எண் போட்டுக் கோப்பில் சேர்த்தவள் நான். நகல் எடுத்துக்கொண்டு அசலை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். முந்நூற்றெண்பது தாளில் என்னைப் பற்றி இருப்பது அது ஒன்றுதான்.