பாங்காக்கில் வழி தவறியவர்

தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த பெண் தன் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னார்:

"பாங்காக்ல தொலைஞ்சு போனேன் பாருங்க, அந்த ட்ரிப்லயே அதுதான்க்கா நல்ல விஷயம்."

"என்னடி சொல்ற?"

"அவர் போனப்புறம் நான் தனியா கடைக்குக்கூட போனதில்ல. அங்க மார்க்கெட் கூட்டத்துல பையனைத் தவற விட்டுட்டேன். என் போன் அவன் பையில."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் ஹோட்டல் கார்டை ஒரு பழக்கடை அம்மாகிட்ட காட்டினேன். பாஷை புரியல. கையாலயே படகுத்துறைக்கு வழி சொன்னாங்க. படகு ஏறி நானே போய்ச் சேர்ந்துட்டேன். பையன் வாசல்ல முகம் வெளுத்துப் போய் நிக்கிறான்."

அக்கா சிரித்தார். "இப்ப எங்க கிளம்பிட்ட?"

"சிறுசேரிக்கு. ஒரு கேன்டீன்ல வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. பையன் பைக்ல விடறேன்னான். வேணாம்னுட்டேன்."