மெயினை அணைக்காமல்

“பதட்டப்படறதுதான் மேடம் எல்லாரும் பண்ற தப்பு. வெப்சைட் பக்கம் கீழ எறங்குன ஒடனே போயி அதுல கைய வெச்சிடறாங்க.”

நான் இப்படிச் சொன்னதும் நீங்கள் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கான பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சின்னத் தொழில் செய்கிறவர்கள் வெப்சைட் பற்றி என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். நான் பதற்றப்படுகிறவள் இல்லை.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் எங்கள் நல்லமுத்து மாமாவுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. என் அக்கா செல்வநாயகியின் கணவர் அவர். பீஸ் கட்டை செய்கிறோம். மோட்டார் கொட்டகையில் பெட்டிக்குள் வெள்ளையாக இருக்குமே, மெல்லிய கம்பி கட்டி, கையால் பிடித்துச் செருகுவது, அதுதான். மண்ணையும் சூளையையும் மாமா பார்த்துக்கொள்வார். வெப்சைட் என் பொறுப்பு. மின்சாமான் கடைகளெல்லாம் புது மாதிரி சுவிட்சுகளுக்கு மாறிவிட்ட பிறகு, எங்கள் கட்டையைக் கேட்டு வந்தவர்கள் வெப்சைட் வழியாகத்தான் வந்தார்கள். தேடுபொறியின் முதல் பக்கத்தில் நாங்கள் இருந்தால் சூளை எரியும். இல்லாவிட்டால் எரியாது.

எந்தப் பக்கத்தை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்று தேடுபொறி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை அவ்வப்போது மாற்றும். என்ன மாற்றியது என்று முழுதாகச் சொல்லாது. மழையைப் போலத்தான், வந்த பிறகு எங்கே ஒழுகுகிறது என்று நாம் தேடிப் பார்க்க வேண்டும். போன வருடம் அப்படி ஒரு மாற்றம் வந்து எங்களை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டது.

“ஏம்மா கயலு, நேத்து வரைக்கும் மொத பக்கத்துல இருந்தோம். இன்னிக்கி ஆளையே காணோமே,” என்றார் மாமா. “கெணத்துல தண்ணி எறங்குனா மோட்டார எறக்கலாம். இதுக்கு எத எறக்கறது?”

“ஒண்ணும் எறக்க வாணாம் மாமா. ஜனங்க என்னா கேக்கறாங்கன்னு பாக்கணும்.”

“சீக்கிரம் பாருடி,” என்றாள் அக்கா. “சூளைய அணைச்சிட்டு இவரு வூட்டுல ஒக்காந்தாருன்னா ஒரு நாளைக்கி நூறு டீ கேப்பாரு.”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அக்காவின் கை சிரிக்கவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. சூளை நின்றுபோனால் அவர்களுக்கு வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். அதை நான் ஒருபோதும் மறக்கவில்லை. நீங்களும் அதை மறக்காமல் கேளுங்கள்.

ஜனங்கள் தேடுகிற வார்த்தைகளைப் பார்க்க ஒரு வசதி உண்டு. அதைப் படிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். வயலில் நின்றுகொண்டு போனிடம் வாயால் கேட்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வெட்கப்படுவதையெல்லாம் அதனிடம் கேட்கிறார்கள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மெல்லப் பேசுவதுபோல இருக்கும். ‘மோட்டார் ஓடாம உறுமுது ஏன்.’ ‘பீஸ் அடிக்கடி போவுது என்ன பண்ணலாம்.’ எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கப்பட்டது ஒன்று. ‘மெயின் அணைக்காம பீஸ் போடலாமா.’

மாமாவிடம் கேட்டேன். “கூடாதும்மா,” என்றார். “எங்க கேக்கறானுங்க? மும்முனை கரண்டு வர்றதே கொஞ்ச நேரம். மெயினு ஒரு மூலையில இருக்கும், கட்டை ஒரு மூலையில இருக்கும். அவசரத்துல புடுங்கிடுவானுங்க. கை காஞ்சிருந்து, கட்டையில வெடிப்பு இல்லாம, கால்ல செருப்பும் இருந்தா தப்பிச்சிக்கலாம். எதுக்கு அந்த வம்பு? மெயின நிறுத்திட்டுத் தொடுன்னு எழுது.”

அப்படியேதான் எழுதினேன். அந்தப் பக்கம் மேலே வரவில்லை. புதிய கணக்கு நேரான, சின்னப் பதில்களை விரும்பியது. கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று தொடங்கி இரண்டு வரியில் முடிக்கிற பக்கத்தை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டத்துக்குள் காட்டியது. ‘இல்லை’ என்று சொன்ன பக்கங்கள் ஏற்கனவே நிறைய இருந்தன. ஆகவே நான் இப்படி மாற்றினேன்: ‘ஆம். பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. எங்கள் பீஸ் கட்டையை மெயினை அணைக்காமலே கையால் பிடித்துக் கழற்றி மாட்டலாம்.’

மாமா சொன்ன மற்றதை நான் நீக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். படங்களுக்குக் கீழே வைத்தேன். வருகிறவர்கள் எவ்வளவு தூரம் கீழே போய்ப் படிக்கிறார்கள் என்பதையும் பார்க்க முடியும். அநேகமாக யாரும் போகவில்லை.

“மெயின நிறுத்தச் சொல்லிப் போட்டுட்டியாம்மா?” என்று மாமா ஒருமுறை கேட்டார்.

“போட்டிருக்கன் மாமா,” என்றேன். அது பொய் இல்லை.

நாங்கள் முதல் இடத்துக்கு வந்தோம். சூளை எரிந்தது. அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். இவ்வளவும் ஒரு ‘ஆம்’ செய்த வேலை.

இந்த வருடம் நாற்று விடுகிற பருவத்தில் தேடுபொறி மறுபடியும் கணக்கை மாற்றப்போவதாக அறிவித்தது. அந்த மாற்றம் ஒரே நாளில் முடியாது. சில வாரங்கள் பரவிக்கொண்டே இருக்கும். அப்போது பக்கங்கள் ஏறும், இறங்கும், ஏறும். அந்த நாட்களில் எதையும் தொடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். தொட்டால், பக்கம் விழுந்தது அவர்கள் மாற்றத்தாலா, நம் மாற்றத்தாலா என்று கடைசிவரை தெரியாது. நன்றாக இருக்கிற பக்கத்தைத் தொடுவது அதைவிடத் தப்பு. எந்த ஊர் ஆளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

மாற்றம் தொடங்கிய வாரமே பெண்ணாடத்திலிருந்து ஒருவர் வெப்சைட்டில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். கரும்பு போட்டிருப்பவர், பெயர் சாமிதுரை.

“கட்டை பத்தி எழுதுனது நீதானாம்மா?”

“ஆமாங்க ஐயா.”

“நல்லாத்தான் எழுதியிருக்கற. ஈரக்கையோட புடுங்கிட்டன். பளீர்னு அடிச்சிது பாரு, உள்ளங்கை தோலு கழண்டு போச்சி. இப்ப எங்க வூட்டுல சோறு ஊட்டி வுடறா. கல்யாணத்துக்கு அப்பறம் இப்பதான் ஊட்டறா, அந்த மட்டுக்கும் ஒனக்குப் புண்ணியம்.” சிரித்தார். பிறகு குரல் மாறியது. “வெளையாட்டு இல்லம்மா. ஈரக்கையோட தொடாத, மெயின நிறுத்துன்னு மேலயே ஒரு வரி போட்டுடு. என்ன மாரி எத்தினி பேரு படிப்பான்?”

“சரிங்க ஐயா, போட்டுடறேன்.”

மனதாரத்தான் சொன்னேன். அன்றைக்கே அந்த வரியை எழுதியும் விட்டேன். நல்ல வரி. வெளியிடுகிற பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. மாற்றம் பரவி முடியட்டும் என்று வைத்திருந்தேன்.

பிறகு தூறல் பிடித்துக்கொண்டது. நாற்றங்காலுக்குப் பத்தாத தூறல். மோட்டார் போடாமலும் இருக்க முடியாது. இந்த மாதிரி ஈரத்தில் பீஸ் அதிகமாகப் போகும். இந்த நிமிடம் எத்தனை பேர் நம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் எண் ஒன்று உண்டு. ஜன்னலுக்கு வெளியே தூறல் வலுக்கும்போது அந்த எண் ஏறும். ஒவ்வொரு எண்ணும் சேற்றில் நிற்கிற ஒரு ஆள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் எண் ஏறினால் நிம்மதியாக இருந்தது. இறங்கினால் மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன்.

மோட்டார் கொட்டகையில் கரண்டு அடித்து இறந்துபோன கருவேப்பிலங்குறிச்சி கொளஞ்சிநாதன் அப்படிப் படித்தவர்களில் ஒருவர். கொட்டகை ஜன்னலில் அவருடைய போன் இருந்தது, அதில் எங்கள் பக்கம் திறந்திருந்தது என்று நீங்கள் சொன்னீர்கள். அது எனக்கு அப்போதே தெரியும். மறுநாள் துக்கம் கேட்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டை செய்கிற பட்டறையிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் மனைவி அன்புக்கரசி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நெட்டுல போட்டிருக்குது, மெயின அணைக்க வாணாமாம்னு எனக்குப் படிச்சிக் காட்டுனாரும்மா. நான் அணைக்கலாம்னுதான் எந்திரிச்சன். ‘சேத்துல எங்க போற, ஒக்காரு’ன்னாரு. ஒக்காந்துட்டம்மா.”

நான் அந்தக் கட்டையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். யாரோ எடுத்துவந்து காட்டினார்கள். நடுவில் நீளமான வெடிப்பு. எங்கள் கட்டை இல்லை. வேறு எங்கோ செய்த பழைய கட்டை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றி இருந்தவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். துக்கமும் இருந்தது. ‘எங்கள் பீஸ் கட்டையை’ என்றுதான் நான் எழுதியிருந்தேன். அவர் அந்த வார்த்தையைக் கவனித்திருக்க வேண்டும்.

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் சொல்லாமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். செய்தி பரவி, சுற்று வட்டாரத்தில் எல்லோரும் பீஸ் கட்டையைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த எண் அவ்வளவு உயர்ந்து நான் பார்த்ததே இல்லை. மாற்றம் முடியக் கொஞ்ச நாட்கள்தான் பாக்கி. விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அழுத்தவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொளஞ்சிநாதனைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். சேத்தியாத்தோப்பு ராஜம்மாளைப் பற்றிக் கேட்கவில்லை. உங்களுக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். அவரும் அதேபோல இறந்தது அதற்கு அடுத்த வாரம். அவருடைய மகன் சேரன் போனில் கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுங்க. நாந்தாங்க படிச்சிக் காட்டுனேன்,” என்றார். பிறகு, “அத எடுத்துடுங்க,” என்றார்.

“சரிங்க,” என்றேன்.

எடுக்கவில்லை. அந்தப் பக்கம் என்ன செய்கிறது என்று சாமிதுரை ஐயா கூப்பிட்ட நாளிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்திருந்தேன். இரண்டு பேருக்குப் பிறகும் வைத்திருந்தேன். மாமாவுக்கோ அக்காவுக்கோ இதில் எதுவும் தெரியாது. இதை நீங்கள் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

என் கணினியைக் கொண்டு போயிருக்கிறீர்கள். உங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்தை இன்றைக்கே அழித்துவிடுவார்கள். நியாயம்தான், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கத்தை அழித்தால் இத்தனை நாள் தேடுபொறியிடம் அது சேர்த்த மதிப்பும் சேர்ந்து போய்விடும். அழிப்பதற்குப் பதிலாக அங்கே வருகிறவர்களை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், அந்த மதிப்பு முழுவதும் புதுப் பக்கத்துக்கு வந்து சேரும். மாமா பீங்கான் அகல் விளக்கும் செய்கிறார். கார்த்திகை வரப்போகிறது. யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லாத பக்கம் அது. கொளஞ்சிநாதனுக்காகவும் ராஜம்மாளுக்காகவும் தேடி வருகிற அத்தனை பேரும் விளக்கைப் பார்ப்பார்கள்.

“அழிக்க வாணாம், வெளக்குப் பக்கத்துக்குத் திருப்பி வுட்டுடுங்கன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா மேடம்?”